பூனையை அனுப்பாமல் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் கொண்டுவர முடியுமா? சென்னைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செல்லப்பிராணி ஒவ்வாமை உறுதியானதும் மருத்துவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "பூனையை வீட்டிலிருந்து அனுப்பிவிடுங்கள்" என்பதுதான். அந்த அறிவுரையில் தவறில்லை. ஒவ்வாமை தரும் பொருளை விலக்குவதைவிட நல்ல சிகிச்சை இல்லை. ஆனால் கேட்டுக்கொள்பவர்களில் பலர் அதைச் செய்வதில்லை. அடுத்த முறை வரும்போது பூனை போய்விட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள், அல்லது வராமலேயே இருந்துவிட்டு மருந்துக்கடையில் ஒவ்வாமை மாத்திரையான செட்டிரிசினை வாங்கி விழுங்கிக் காலம் தள்ளுகிறார்கள். பூனையை அனுப்பமாட்டோம் என்று முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொன்ன ஒரு குடும்பத்தோடு சேர்ந்து எடுத்த முடிவுகளையும், அவற்றில் எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் இசைவோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் வீடும்

நோயாளி 36 வயதுப் பெண், வங்கி ஊழியர். கணவர், நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார் ஆகியோருடன் வடசென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் வசிக்கிறார். சிறுவயதிலிருந்தே மழைக்காலத்தில் மூக்கடைப்பும் காலைத் தும்மலும் உண்டு. தந்தைக்கு இளைப்பு இருந்தது. இவருக்கு ஆஸ்துமா என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் மகள் கண்டெடுத்து மேலே கொண்டுவந்த நாட்டுப் பூனைக்குட்டி, ஆண், எங்களிடம் இவர் வந்தபோது ஏறக்குறைய எட்டு மாத வளர்ச்சியில் இருந்தது.

குட்டி வந்த முதல் வாரங்களில், அதை முகத்தருகே தூக்கினால் கண் அரிக்கும், தொடர்ந்து தும்மல் வரும், அது நக்கிய இடத்தில் தோல் தடித்துச் சிவக்கும். இரண்டு மாதங்களில் இவையெல்லாம் தாமாகவே குறைந்தன. "உடம்புக்குப் பழகிடுச்சு" என்று குடும்பம் நிம்மதி அடைந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு வறட்டு இருமலுடன் எழுவது தொடங்கியது. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்தபடியே கழிந்தன. தும்மல் குறைந்ததையும் இருமல் கூடியதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதே இந்த நிகழ்வில் நான் முதலில் வற்புறுத்த விரும்புவது. ஒவ்வாமைப்பொருள் நாள் முழுவதும் சுற்றிலும் இருக்கும்போது உடனடித் தும்மலும் அரிப்பும் மங்கிவிடக்கூடும். மூச்சுக்குழாய்ச் சுவரில் அழற்சி மட்டும் ஓசையின்றி நீடிக்கும். பூனையோடு வாழ்பவர் தம் நிலையைத் தும்மலை வைத்து எடைபோட்டால் ஏமாறுவார். பார்க்க வேண்டியது நுரையீரலை.

பக்கத்துத் தெரு மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்த நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரை இவர் தேவைப்படும்போதெல்லாம் உறிஞ்சி வந்தார். அந்தத் தேவை ஏறக்குறைய அன்றாடமாகிவிட்டிருந்தது. மூச்சுக்குழாயைச் சற்று நேரம் விரித்துவிடும் இம்மருந்து அழற்சியைத் தொடுவதில்லை. ஆஸ்துமாவுக்கான ஜினா பன்னாட்டு வழிகாட்டுதல் 2019 முதலே, வயது வந்தோருக்கு இதை மட்டும் தனியாகக் கொடுத்து நிறுத்தக் கூடாது என்று சொல்லிவருகிறது.

மே மாத விடுமுறையில் மகளுடன் கும்பகோணம் அருகே உள்ள தாய்வீட்டுக்குச் சென்றிருந்தபோது சில நாட்களிலேயே இருமல் நின்றது. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல். அன்றிரவே மார்பில் விசில் சத்தம். "இதுக்கு மேல என்ன டாக்டர் டெஸ்ட்? பூனைதான்னு தெரிஞ்சுபோச்சே" என்றார் கணவர். ஊரில் எதில் படுத்தீர்கள் என்று நோயாளியிடம் கேட்டேன். "கோரைப்பாயிலதான் டாக்டர். அம்மா வீட்டுல மெத்தையே கிடையாது." சென்னை வீட்டில் இவர் படுப்பது திருமணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை, வெயிலில் உலர்த்தியதோடு சரி, பஞ்சை எடுத்து அடித்ததே இல்லை. ஆகவே அந்தப் பயணம் பூனையிடமிருந்து மட்டுமல்ல, பழைய மெத்தையிடமிருந்தும் இவரைப் பிரித்து வைத்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு காரணங்கள் விலகியிருக்க, ஒன்றின் மீது மட்டும் பழி விழுந்திருந்தது.

பரிசோதனைகள்

தோல் குத்துச் சோதனையை அன்றே செய்ய இயலவில்லை. முந்தைய நாள் இரவுகூட செட்டிரிசின் எடுத்திருந்தார்; அம்மருந்து உடலில் இருக்கும்போது தோல் தடிக்காது என்பதால் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னோம். ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியை மட்டும் முதலில் எடுத்தோம். முதல் நொடியில் ஊதி வெளியேற்றிய காற்று 1.78 லிட்டர், இவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் இது முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. சால்பியூட்டமால் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஊதச் சொன்னபோது 2.06 லிட்டர் வந்தது. 12 விழுக்காட்டுக்கும் 200 மில்லிலிட்டருக்கும் மேற்பட்ட உயர்வு, மூச்சுக்குழாய்ச் சுருக்கம் மீளக்கூடியது என்பதைக் காட்டும். இவருக்கு இரண்டு வரம்பையும் தாண்டியிருந்தது. ஆஸ்துமா உறுதியாயிற்று.

அடுத்த வாரம் முன்கையின் உட்புறத்தில் ஒவ்வாமைச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக இட்டு, ஒவ்வொன்றின் வழியாகவும் மேல்தோலை மெல்லக் குத்தி, இருபது நிமிடம் காத்திருந்தோம். வெறும் உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்தால் அது நேர்மறை. பூனைக்கு நன்றாகவே தடித்தது. ஆனால் அதைவிடப் பெரிய தடிப்புகள் மெத்தையிலும் தூசியிலும் வாழும் நுண்ணிய தூசிப்பூச்சிகளுக்கு, குறிப்பாக டெர்மட்டோஃபகாய்டிஸ் டெரோனிசினஸுக்கும், வெப்பமண்டலத்தில் மிகுதியாகக் காணப்படும் ப்ளோமியா டிராபிகாலிஸுக்கும் எழுந்தன. கரப்பான் பூச்சிக்குச் சிறிய தடிப்பு. நாய்க்கும் பூந்தாதுக்களுக்கும் ஒன்றுமில்லை.

இச்சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதில் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, அதை எழுதிக்கொடுப்பவர்களுக்கும் சில வேளைகளில் தெளிவு இருப்பதில்லை. தடிப்பு எழுந்தால், அப்பொருளுக்கு எதிராக, ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ வகை எதிர்ப்பொருள் உடலில் உருவாகியிருக்கிறது என்று பொருள். இன்றைய இருமலுக்கு அதுவே காரணம் என்று பொருளல்ல. தடிப்பின் அளவும் நோயின் கடுமையும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இருப்பதில்லை. அறிகுறிகளின் வரலாற்றோடு பொருந்தினால்தான் முடிவுக்கு மதிப்பு. இவருக்குப் பூனையும் பொருந்தியது, மெத்தையும் பொருந்தியது. பூனையை அனுப்பிவிட்டு அந்த மெத்தையை அப்படியே வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தால், ஏமாற்றம்தான் என்று தோன்றுகிறது.

பூனையிலிருந்து வருவது

ஒவ்வாமை தருவது பூனையின் முடி என்று குடும்பத்தார் நம்பியிருந்தார்கள். முடியை மழித்துவிடலாமா என்றுகூட மாமியார் கேட்டார். உண்மையில் காரணம் ஃபெல் டி 1 எனப்படும் புரதம். பூனையின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் அது உருவாகிறது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது உமிழ்நீர் முடியெங்கும் பூசப்பட்டு, காய்ந்து, தோல் செதில்களோடு சேர்ந்து பொடியாக உதிர்கிறது. பூனை ஒவ்வாமை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்படுகிறது. முடியில்லாத இனப் பூனையும் இதைச் சுரக்கும். "அலர்ஜி தராத பூனை" என்று விற்கப்படும் இனங்களில் எதுவும் இதிலிருந்து முற்றிலும் விலக்குப் பெற்றதில்லை.

இதன் துகள்களில் ஒரு பகுதி 5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. தூசிப்பூச்சியின் கழிவுத் துகள் சற்றுப் பெரியது. மெத்தையைத் தட்டினால் எழும்பிச் சிறிது நேரத்தில் படிந்துவிடும். பூனைத் துகளோ மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நுரையீரலின் சிறு கிளைகள் வரை இறங்கும். அதோடு சுவர், திரைச்சீலை, உடை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். பூனையே வளர்க்காத வீடுகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் இப்புரதம் கண்டறியப்பட்டிருக்கிறது. பூனை வீட்டைவிட்டுப் போன பிறகும் அதன் அளவு, பூனை இல்லாத வீடுகளின் அளவுக்கு இறங்க நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். இந்த ஒரு செய்தி பின்னால் இக்குடும்பத்துக்கு மிகவும் தேவைப்பட்டது.

முன்கூட்டியே வகுத்த எல்லை

பூனையை அனுப்புவதுதான் உங்களுக்கு நல்லது என்பதை நான் மறைக்கவில்லை. நோயாளி ஒத்துக்கொண்டார், ஆனால் அனுப்பமுடியாது என்றார். மகள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தகைய நிலையில் மருத்துவருக்கு இரண்டு வழிகள் உண்டு: அறிவுரையைத் திரும்பச் சொல்லி நோயாளியை இழப்பது, அல்லது எந்த நிலை வரை பூனையோடு போகலாம், எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதை நோய் தணிந்திருக்கும்போதே பேசி வைப்பது. இரண்டாவதைத் தேர்ந்தோம். மூச்சுத்திணறலுக்காக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தாலோ, வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டாலோ, இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் மூன்று மாதத்துக்குப் பிறகு இரவு இருமல் வாரந்தோறும் நீடித்தாலோ, பூனை தாம்பரத்தில் உள்ள கொழுந்தனார் வீட்டுக்குப் போகவேண்டும். இதை மருந்துச்சீட்டின் பின்புறத்தில் எழுதி, கணவரும் மனைவியும் படித்துப் பார்த்த பிறகு கொடுத்தேன். நோயாளிக்கு ஏற்கெனவே கடுமையான இளைப்பு வந்து தீவிர சிகிச்சை வரை போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் கொடுத்திருக்கமாட்டேன்.

மருந்தாக, அழற்சியைக் குறைக்கும் புடிசோனைடும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டிராலும் கலந்த இன்ஹேலரைக் காலை மாலை தொடங்கினோம். திணறல் வரும்போதும் அதையே கூடுதலாக எடுக்கவேண்டும், நீல இன்ஹேலர் வேண்டாம். மூக்குக்கு ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே. இன்ஹேலரை உறிஞ்சிய பின் வாய் கொப்பளிப்பதையும், ஸ்ப்ரேயின் முனையை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து வைக்காமல் சற்று வெளிப்புறமாகத் திருப்பி அடிப்பதையும் செய்துகாட்டினோம். மூச்சை எவ்வளவு வேகமாக ஊதமுடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் ஊதி ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னோம். தும்மல் ஏமாற்றிய இடத்தில் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

படுக்கையறை

வீட்டின் எல்லா மூலைகளையும் சுத்தமாக வைக்கச் சொல்வது எளிது. வேலைக்குப் போகும் பெண்ணிடம் அதைச் சொல்வது இரக்கமற்றது, பயனும் குறைவு. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மூக்கும் வாயும் துணியில் புதைந்திருக்கும் இடம் படுக்கை. அந்த ஓர் அறையை மட்டும் மீட்டெடுப்பது என்று முடிவு செய்தோம். இலவம்பஞ்சு மெத்தை வெளியேறியது. அடர்ந்த நெசவுள்ள, ஜிப் வைத்த உறையால் முழுவதும் மூடப்பட்ட புது மெத்தையும் தலையணைகளும் வந்தன. படுக்கை விரிப்புகள் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில். தூசிப்பூச்சி சாவதற்கு அந்தச் சூடு வேண்டும். வாசலில் போட்டிருந்த தடித்த கால்மிதியும் துணித் திரையும் அகற்றப்பட்டன. பூனைக்கு அந்த அறையில் இடமில்லை, பகலிலும்கூட.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இவ்விஷயத்தில் ஒரு வசதி உண்டு. மேலைநாட்டு அறிவுரைகளில் பாதி, சுவரோடு சுவராக விரித்த கம்பளத்தை என்ன செய்வது என்பதைப் பற்றியவை. நம் வீட்டு மொசைக் தரையிலோ டைல்ஸிலோ அந்தத் தொல்லை இல்லை. ஆனால் துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கும் பழக்கம் படிந்த துகளையெல்லாம் மீண்டும் மேலே எழுப்பிவிடும். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி அதை அறை முழுதும் பரப்பும். நோயாளி வீட்டில் இல்லாத நேரத்தில் ஈரத்துணியால் தரையைத் துடைப்பது, மின்விசிறி இறக்கைகளை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் வழிப்பது என்று மாற்றினோம்.

இங்கே எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. "சுத்தம்" என்று நாங்கள் சொன்னதைக் கேட்ட மாமியார், அக்கறையோடு, தினமும் இருமுறை பினாயில் விட்டுத் தரையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். அடுத்த சந்திப்பில் நோயாளியின் நோட்டில் மாலை அளவுகள் இறங்கியிருந்தன. வேலையிலிருந்து வந்து நுழைந்ததும் நெஞ்சு இறுக்குவதாகச் சொன்னார். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் ஒவ்வாமைப்பொருளுக்கு மட்டுமல்ல, கடும் நெடிக்கும் சுருங்கும். பூனைக்கும் இது ஆபத்து: ஃபீனால் வகை வேதிப்பொருட்களைப் பிற விலங்குகளைப்போல் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, ஈரத்தரையில் நடந்த காலை அது நக்கவும் செய்யும். சோப்புத் தண்ணீரே போதும் என்றதும் மாமியார் முகத்தில் அரைமனதுதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் படுக்கையறையில் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளையும் பற்றிப் பேசியது அதைவிடக் கடினமாக இருந்தது. சுருளுக்குப் பதில் கொசுவலை வந்தது. சாம்பிராணி, நோயாளி அலுவலகத்தில் இருக்கும் நேரத்துக்கு, சன்னல்கள் திறந்த நிலையில், மாறியது. அதை முற்றிலும் நிறுத்தச் சொல்லியிருந்தால் என் மற்ற அறிவுரைகளும் சேர்ந்து புகையாகியிருக்கும்.

பூனைக்குச் செய்தவை

கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்று பூனைக்குக் கருத்தடை செய்யப்பட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடப்பட்டது. ஃபெல் டி 1 சுரப்பில் ஆண் இயக்குநீருக்குப் பங்குண்டு. கருத்தடை செய்யாத ஆண் பூனை, பெண் பூனையையும் கருத்தடை செய்த ஆண் பூனையையும்விட அதிகம் சுரக்கும். இரவில் வெளியே ஓடுவதும் வீட்டு மூலைகளில் சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும் என்பது உடன் கிடைக்கும் பயன். சீப்பால் வாருவது கணவரின் பொறுப்பாயிற்று, அதுவும் பால்கனியில், ஈரத்துணியால் உடலை ஒருமுறை துடைத்துவிட்டு. பூனை மலம் கழிக்கும் மண் பெட்டி சமையலறையை ஒட்டியிருந்த இடத்திலிருந்து துணி காயப்போடும் பின்பக்கப் பால்கனிக்குப் போனது. அதுவரை அதில் மரத்தூள் போட்டு வந்தார்கள். அந்தத் தூளே ஒரு தொல்லை என்பதால் தூசி பறக்காத பெரிய மணிகள் கொண்ட மண்ணுக்கு மாறினார்கள்.

குளிப்பாட்டுவது பற்றிக் கேட்டார்கள். குளிப்பாட்டினால் முடியிலுள்ள ஃபெல் டி 1 குறைவது உண்மை. ஆனால் ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. பயன் வேண்டுமானால் வாரம் இருமுறை குளிப்பாட்ட வேண்டும். எந்த நாட்டுப் பூனை அதற்கு உடன்படும்? வீட்டாரின் கைகளில் கீறல்தான் மிஞ்சும் என்று கைவிட்டோம்.

மழைக்காலப் பின்னடைவு

முதல் இரண்டு மாதங்கள் நன்றாகப் போயின. இரவு இருமல் நின்றது. நோட்டில் காலை அளவு நிமிடத்துக்கு 350 லிட்டரை ஒட்டி நிலைத்தது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்தபோது நிலை மாறியது. சன்னல்கள் நாள்முழுவதும் மூடியிருந்தன, மகளிடமிருந்து சளிக்காய்ச்சல் தாய்க்குத் தொற்றியது, காலை அளவு 270-க்கு இறங்கியது, இரவு விழிப்பு திரும்பியது. கணவர் பயந்துபோய், எங்களைக் கேட்காமலே, பூனையை ஒரு கூடையில் போட்டுத் தாம்பரத்தில் விட்டுவிட்டு வந்தார். ஒரு வாரத்துக்கு மேலாகியும் இருமல் குறையவில்லை. உடனே வீட்டில் எதிர்மறையான ஒரு முடிவு உருவாயிற்று: "பூனை போயும் குறையலையே. அப்ப பூனை காரணமே இல்ல" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

பூனை மட்டுமே காரணம் என்ற முந்தைய முடிவும், பூனை காரணமே இல்லை என்ற இந்த முடிவும், இரண்டும் பிழை. பூனை போனாலும் அதன் புரதம் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருக்கும். சில நாள் பிரிவு எதையும் நிரூபிக்காது. இது தெரியாமல் பூனையைத் தற்காலிகமாக அனுப்பிப் பார்த்துவிட்டு, அதற்குத் தொடர்பில்லை என்று மருந்தையும் கவனத்தையும் கைவிடுபவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அந்தச் சந்திப்புக்கு மகளும் உள்ளே வந்தாள். பூனை படுக்கையறைக்குள் வரவே இல்லையா என்று அவளிடம் கேட்டதற்கு முதலில் தலையாட்டினாள்; பிறகு, "பாட்டி தூங்கும்போது அது தனியா இருக்கும்ல... அம்மா புடவை மேல மட்டும்தான் படுக்கும்" என்றாள். பள்ளி விட்டு வந்ததும் அவள் கதவைத் திறந்துவிட, கதவில்லாத அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த பருத்திப் புடவைகளின் மேல் பூனை மாலை வரை உறங்கியிருக்கிறது. கணவர் பிறகு அலைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தில், கருநீலப் புடவையின் மடிப்பில் பூனை சுருண்டு கிடந்த வட்டம் அப்படியே குழிந்து, வெள்ளையும் பழுப்புமான முடிகளோடு தெரிந்தது. அந்தப் புடவையைத்தான் இவர் காலையில் உடுத்திக்கொண்டு நாள் முழுதும் சுமந்து திரிந்திருக்கிறார். உறைபோட்ட மெத்தையும் வெந்நீரில் துவைத்த விரிப்பும் காப்பாற்ற முடியாத இடம் அது.

யாரும் குழந்தையைக் கடிந்துகொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அலமாரிக்குக் கதவு போடப்பட்டது. பூனையோடு மாலை நேரத்தைக் கழிக்க மகளுக்குக் கூடத்தின் ஒரு மூலையில் துவைக்கக்கூடிய துணி விரிப்போடு இடம் ஒதுக்கப்பட்டது. அந்த விரிப்பைத் துவைப்பது அவளும் தந்தையும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. இன்ஹேலர் அளவைக் கூட்டியதில் இரண்டு வாரத்தில் இரவு விழிப்பு நின்றது. ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படவில்லை. மூன்று மாதக் கெடுவும் அப்போது முடிந்திருக்கவில்லை. ஆகவே எழுதி வைத்த எல்லை மீறப்படவில்லை என்று கணக்கிட்டோம், பூனையும் தாம்பரத்திலிருந்து திரும்பியது. மிக அருகில் போய்த் திரும்பினோம் என்பதையும் சொல்லவேண்டும். அந்தச் சளிக்காய்ச்சல் இன்னும் கொஞ்சம் கடுமையாக இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

செய்யாமல் விட்டவை

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள். 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி காற்றில் மிதக்கும் பூனைப் புரதத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் பூனை உள்ள வீடுகளில் அதை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் அறிகுறிகள் ஒரே சீராகக் குறையவில்லை; படுக்கையிலும் உடையிலும் படிந்ததை அது தொடாது. மெத்தைக்கும் உறைகளுக்கும் செலவு செய்த பிறகு பணம் மிச்சமிருந்தால் வாங்குங்கள் என்றேன். வாங்கவில்லை.

ஃபெல் டி 1 புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளைக் கோழிமுட்டையிலிருந்து எடுத்துக் கலந்த பூனை உணவு பற்றி நோயாளி படித்திருந்தார். 2019-இல் வெளியான ஆய்வொன்றில் மூன்றாவது வாரத்திலிருந்து பூனை முடியில் செயல்படும் ஃபெல் டி 1 சராசரியாக 47 விழுக்காடு குறைந்தது. அக்கறைக்குரிய வழிதான். ஆனால் பாதி குறைவது என்றால் மீதிப் பாதி இருக்கிறது என்பதையும், மீன் சோறு தின்று வளர்ந்த பூனை அந்த உணவையே தொடர்ந்து தின்னவேண்டும் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். இக்குடும்பத்தின் மாதச் செலவுக்கு அது பொருந்தவில்லை.

ஒவ்வாமைப்பொருளையே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் இம்யூனோதெரபி ஒன்றுதான் நோயின் போக்கையே மாற்றக்கூடியது. மூன்று முதல் ஐந்து ஆண்டு தொடரவேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் வராதபோது தொடங்குவது ஆபத்து. மழைக்காலம் முடியும்வரை அதைப் பேச்சளவிலேயே வைத்திருந்தோம். தூசிப்பூச்சிக்கு எதிராக அதைத் தொடங்குவது பற்றி இப்போது யோசித்துவருகிறார்கள்.

இந்த நிகழ்வின் ஒரு குறையைப் படிப்பவர் கவனித்திருப்பார். மெத்தை மாற்றமும் பூனையைப் படுக்கையறையிலிருந்து விலக்கியதும் புதிய இன்ஹேலரும் ஒரே வாரத்தில் தொடங்கின. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றாகத் தொடங்கியிருந்தால் ஆய்வு தெளிவாக இருந்திருக்கும். ஆனால் இரவில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் ஒருவரை அதற்காகக் காத்திருக்கச் சொல்லமுடியாது. என் கணிப்பில் பெரும்பங்கு இன்ஹேலருக்கு, அடுத்தது மெத்தைக்கு. நவம்பரில் நடந்ததைப் பார்க்கும்போது புடவை அலமாரியின் பங்கும் சிறியதல்ல.

தற்போதைய நிலை

கடைசி சந்திப்பில் முதல் நொடிக் காற்று 2.15 லிட்டர். இரவு விழிப்பு இல்லை. இன்ஹேலரைக் காலை மாலை என்பதிலிருந்து இரவு ஒருவேளையாகக் குறைத்திருக்கிறோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இன்ஃப்ளுவென்சா தடுப்பூசி போட்டுக்கொள்ளவும், அக்டோபரிலிருந்து மீண்டும் இருவேளை எடுக்கவும் சொல்லியிருக்கிறோம். பூனையை முகத்தருகே தூக்கினால் இன்னும் கண் அரிக்கிறது; தூக்குவதை அவர் நிறுத்தவும் இல்லை. தூக்கினால் உடனே கை, முகம் கழுவிவிடுவதாகச் சொல்கிறார்.

மகளுக்கும் ஒவ்வாமைச் சோதனை செய்துவிடலாமா என்று கணவர் கேட்டார். அவளுக்குத் தும்மலோ இருமலோ தோல் அரிப்போ எதுவும் இல்லை. அறிகுறியே இல்லாத குழந்தைக்குச் சோதனை செய்து, ஒரு தடிப்பு எழுந்தால், இல்லாத நோய்க்குப் பயந்து வாழ நேரும். தாய்வழியில் ஒவ்வாமை இருப்பதால் மூக்கையும் இருமலையும் கவனித்து வாருங்கள், வந்தால் பார்ப்போம் என்றேன். கீழ்த்தளத்தில் இன்னொரு குட்டி சுற்றிவருவதாகவும், இதற்குத் துணையாக அதையும் மேலே கொண்டுவரலாமா என்றும் மகள் கேட்டாள். கூடாது என்று நான் சொல்வதற்கு முன்பே நோயாளி சொல்லிவிட்டார். அந்தக் குட்டிக்குக் கீழேயே சோறு வைப்பதென்றும், வளர்ந்ததும் அதற்கும் கருத்தடை செய்துவிடுவதென்றும் முடிவாயிற்று.